பிக்கப் வண்டியும் வயற்பாதையும்: முதலில் செய்யத்தக்க திருத்தங்கள்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. தேரின் உயரமும் சிற்பமும் அலங்காரமும் எவ்வளவு சிறப்புடையனவாயினும், அதன் ஓட்டம் கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு சிறு இரும்பைப் பொறுத்தே நிற்கிறது. தேரோடும் வீதிகளையுடைய காஞ்சிபுரத்தார்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. ஆயினும் பிக்கப் வண்டி வாங்கிய குடியானவர் பலர், அதனை வயற்பாதைக்குத் தகுதியாக்கப் பணம் செலவிடும்போது, அச்சாணியை மறந்து அலங்காரத்திலேயே முதலில் கை வைக்கின்றனர். கைப்பணம் கரைந்தபின், மழை நாளில் வண்டி சேற்றிலேயே நிற்கிறது. எந்தத் திருத்தத்தை முதலில் செய்வது, எதனைப் பின்னுக்குத் தள்ளுவது, எதனை அறவே விலக்குவது என்பதை முறையாக ஆராய்வது குடியானவர்க்குப் பெரிதும் பயன் தரும்.

கடைசிப் பர்லாங்கு

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளால் வாழும் மாவட்டம். தென்னேரி, தாமல், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர் முதலிய ஏரிகளின் கீழ் நஞ்சை நிலங்கள் பரந்து கிடக்கின்றன. ஏரியைப் பேணுதற்கென்றே வாரியம் அமைத்து ஆண்ட செய்தியை, முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இன்றும் கூறி நிற்கின்றன. ஏரிப் பாசன நஞ்சையில் பெரும்பாலும் களிப்பாங்கான மண்ணும், பாலாறு, செய்யாறு ஆகியவற்றின் கரையோரங்களில் மணற்பாங்கும் காணப்படும். ஆகவே ஒரே ஊரில், ஒரே வண்டி, காலையில் களிச்சேற்றையும் மாலையில் ஆற்று மணலையும் கடக்க நேரிடுவதுண்டு.

வண்டி நாள்தோறும் ஓடும் தூரத்தில் மிகப் பெரும் பகுதி தார்ச்சாலையே. இடர் விளைவது, சாலையிலிருந்து களத்துக்கோ கிணற்றடிக்கோ செல்லும் கடைசிப் பர்லாங்கில்தான். அந்தப் பர்லாங்கு எவ்வளவு விலையுயர்ந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். சொர்ணவாரி நெல் அறுவடையாகும் ஆவணி மாதத்தில் மாலை வேளைகளில் இடிமழை பெய்வது இப்பக்கத்து இயல்பு. 40 கிலோ சாக்குகளாக 37 சாக்கு நெல்லை ஏற்றினால் ஏறக்குறைய ஒன்றரை டன் பாரமாகும். அவ்வண்டி களத்திலிருந்து புறப்பட்டு, பாதையின் பள்ளத்தில் அழுந்தி, இரவெல்லாம் மழையில் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. நனைந்த நெல் திருப்பியனுப்பப்படும். மீண்டும் உலர்த்தும் கூலியும், நிறம் மாறிய நெல்லின் விலைக் குறைவும் குடியானவர் தலையிலேயே விழும். ஒரு போகத்தின் இலாபம் ஒரு பர்லாங்குச் சேற்றில் புதைந்து போவது இவ்வாறுதான்.

ஆதலால் செய்யும் திருத்தம் கடைசிப் பர்லாங்கைக் கடக்க உதவவும் வேண்டும். தார்ச்சாலையில் வண்டியின் பாதுகாப்பையும் சிக்கனத்தையும் கெடாமல் வைக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்து நிறைவேற்றாத திருத்தம் குடியானவர்க்கு ஏற்றதன்று. இந்த இரட்டைப் பயன்பாடு பிக்கப் வண்டியின் பிறப்பிலேயே அமைந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு குடியானவரின் மனைவி, ஞாயிறன்று தேவாலயத்துக்கும் திங்களன்று பன்றிகளுடன் சந்தைக்கும் செல்லத்தக்க ஒரே வண்டி வேண்டுமென்று எழுதிக் கேட்டதன் விளைவாக, 1934-ஆம் ஆண்டில் அந்நாட்டு போர்டு தொழிற்சாலை அத்தகைய வண்டியைச் செய்து வெளியிட்டது என்பர்.

வண்டியின் இயல்பு

நம் கிராமங்களில் ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை பின்சக்கரங்களை மட்டுமே எஞ்சின் உந்தும் அமைப்புடையவை. பின்புறம் பாரம் தாங்கும் வில்பட்டைகள் விறைப்பாக அமைந்திருக்கும். வெறும் வண்டியில் எஞ்சினின் எடை முன்னே இருப்பதால், உந்த வேண்டிய பின்சக்கரங்களின்மேல் போதிய பாரம் இராது. ஆகையால் பாரத்தோடு தாண்டிய இடத்தில் வெறும் வண்டி நின்றுவிடுவதும் உண்டு.

மேலும், அச்சின் நடுவே உள்ள பற்சக்கரப் பெட்டி, திருப்பங்களில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்படி அமைந்தது. சாலையில் இது பெரிய வசதி. சேற்றில் இதுவே தொல்லை. பிடிமானமற்ற சக்கரம் வீணே சுழல, பிடிமானமுள்ள சக்கரம் வாளாவிருக்கும். அந்நிலையில் ஓட்டுநர் மேலும் மேலும் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், சுழலும் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். அச்சுப் பெட்டி மண்ணில் தட்டியபின் வண்டி தன் வலிமையால் வெளிவருவது அரிது. சக்கரம் சுழலத் தொடங்கிய கணமே நிறுத்தி, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பது முதற்பாடம். இதற்குக் காசு செலவில்லை.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றுண்டு: வண்டி நிலத்தைத் தொடும் இடத்திலிருந்து திருத்தத்தைத் தொடங்க வேண்டும். மாட்டு வண்டியின் வரலாறும் இதையே கற்பிக்கிறது. இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரம் பாதையை அறுத்து அழுந்திற்று. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த டன்லப் என்பவர் 1888-ஆம் ஆண்டில் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அந்த டயர் பின்னர் நம் மாட்டு வண்டிக்கும் வந்தது. வண்டியின் நுகத்தடி மாறவில்லை, பார் மாறவில்லை, மாடும் மாறவில்லை. சக்கரம் ஒன்று மாறியதால் அதே மாடுகள் கூடுதல் பாரத்தை எளிதாக இழுத்தன. பிக்கப் வண்டிக்கும் வழி இதுவே.

முதலாவது: டயர்

வண்டியோடு வரும் டயர்கள் பெரும்பாலும் சாலைக்கென அமைந்தவை. அவற்றின் வரிப்பள்ளங்கள் ஆழம் குறைந்து நெருங்கியிருப்பதால், களிமண் அவற்றில் அப்பி நிரம்பி, டயர் மொழுக்கென்று ஆகிவிடும். இதற்கு மாற்றாகக் கடைகளில் இருவகை டயர்கள் கிடைக்கின்றன. ஒன்று, எல்லா நிலத்துக்கும் ஏற்ற பொது டயர். மற்றொன்று, பெரிய கட்டைகளும் அகன்ற பள்ளங்களும் உடைய சேற்று டயர். சேற்று டயர் களிச்சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் மழையில் நனைந்த தார்ச்சாலையில் அது நிலத்தைத் தொடும் பரப்புக் குறைவாகையால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் மிகும். இரைச்சலும் தேய்வும் எரிபொருட் செலவும் கூடும். நாள்தோறும் சென்னை நெடுஞ்சாலையில் காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அது தகாது. பொது டயரே குடியானவர்க்கு ஏற்றது.

டயர் தேர்ந்தெடுக்கையில் கவனிக்க வேண்டியவை வருமாறு.

அளவு: வண்டி செய்தவர் குறித்த அளவையே வாங்க வேண்டும். பெரிய டயர் போட்டால் வண்டி சிறிது உயர்வது மெய்யே. ஆனால் சக்கரத்தைச் சுழற்ற எஞ்சினுக்குக் கூடுதல் வலிமை தேவைப்படும். வேகமானி உண்மையான வேகத்தினும் குறைத்துக் காட்டும். முழுத் திருப்பத்தில் டயர் மட்காப்பில் உராயும். அகலமான டயர் எங்கும் சிறந்தது என்னும் எண்ணமும் தவறு. மணலில் அகலம் உதவும். அடியில் கடினத் தளமுள்ள மேலோட்டமான சேற்றிலோ, குறுகிய டயரே சேற்றை அறுத்து அடித்தளத்தைப் பற்றும்.

பாரக் குறி: டயரின் பக்கத்தில் அளவையடுத்துப் பொறித்துள்ள எண் அது தாங்கும் பாரத்தைக் குறிக்கும். 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900 கிலோ. 108 என்றால் 1,000 கிலோ. சுமையோடு பின்னச்சின் பாரம் 2,000 கிலோவாகுமானால், டயர் ஒன்றுக்கு 1,000 கிலோ வீதம் 108-க்குக் குறையாத குறி வேண்டும். 104 குறியுள்ளதை வாங்கினால் இரு டயரும் சேர்ந்து 200 கிலோ குறைவாகத் தாங்கும். பார்வைக்கு முரட்டுத்தனமாகத் தோன்றும் டயர்களில் சில, சொகுசு வண்டிகளுக்கென அமைந்த குறைந்த பாரக் குறி உடையவை. விலையையும் தோற்றத்தையும் கேட்குமுன் இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

வயது: பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். கடையில் நெடுநாள் கிடந்த டயரைத் தள்ளுபடி விலையில் தந்தாலும் கொள்ளலாகாது.

நான்கையும் ஒருங்கே மாற்றப் பணமில்லையேல், பின்னச்சின் இரண்டையும் முதலில் மாற்றலாம். ஒரே அச்சில் இருவேறு வகை டயர்களைப் பூட்டுதல் கூடாது. ஸ்டெப்னியும் அதே அளவினதாக இருத்தல் அவசியம். நம் மாவட்டத்தில் ஒரகடத்தில் அப்போலோ நிறுவனத்தாரும், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் ஜே.கே. டயர், சியட் நிறுவனத்தாரும் டயர்த் தொழிற்சாலைகள் நடத்துகின்றனர். ஆகையால் தக்க டயருக்காக வெளிமாநிலத்தைத் தேட வேண்டிய நிலை இல்லை.

இரண்டாவது: காற்று

டயரைக் காட்டிலும் மலிவானதும், அதற்கடுத்த பயனுடையதும் காற்றழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தலாம். வண்டி நிலத்தை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய டயரின் காற்றழுத்தத்துக்குச் சமம். ஒரு சக்கரத்தின்மேல் 400 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு காற்றிருந்தால், டயர் நிலத்தில் பதியும் பரப்பு சுமார் 143 சதுர சென்டிமீட்டர். அதனை 20 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு ஏறத்தாழ இருமடங்காகும். டயரின் சொந்த விறைப்பால் இக்கணக்கு சிறிது வேறுபடுமாயினும், ஆற்று மணலில் புதைந்து நின்ற வெறும் வண்டி, காற்றைக் குறைத்ததும் மேலெழுந்து ஊர்ந்து வருவதற்குக் காரணம் இதுவே.

ஆயினும் இதில் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. உல்லாசமாக மலைவழி செல்லும் வண்டிகளுக்குக் கூறப்படும் இந்த உபாயம், பாரம் ஏற்றிய பிக்கப் வண்டிக்குப் பொருந்தாது. ஒன்றரை டன் நெல்லோடு காற்றைக் குறைத்தால் டயரின் பக்கச்சுவர் மடிந்து, சூடேறி, கிழிந்துபோகும். வெறும் வண்டிக்கே, அதுவும் மணற்பாதையில், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில், 20 பவுண்டுக்குக் குறையாமல் இதனைக் கைக்கொள்ளலாம். டியூப் போட்ட டயரானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். டயர் வளையத்தில் நழுவினால் டியூபின் காற்றுவாய் அறுந்துவிடும். தார்ச்சாலை ஏறுமுன் பழைய அளவுக்குக் காற்றை நிரப்பியே தீர வேண்டும்.

ஆகவே வாங்க வேண்டியவை இரண்டு: நம்பத்தக்க ஒரு காற்றழுத்தமானி, பாட்டரியில் நேரே கவ்வி பூட்டி இயங்கும் ஒரு சிறு காற்றுப் பம்பு. இவை தார்ச்சாலையிலும் நாள்தோறும் உதவும். வெறும் வண்டிக்கும் பார வண்டிக்கும் எவ்வளவு காற்று வேண்டுமென்று வண்டியின் கதவோரத்திலோ கையேட்டிலோ குறித்திருப்பர். அதனை வெள்ளை வண்ணத்தில் பெட்டியின் உட்புறம் எழுதி வைத்தல் நலம்.

மூன்றாவது: மீட்கும் சாமான்கள்

எவ்வளவு கவனமாயினும் வண்டி சில நாள் அழுந்தத்தான் செய்யும். அப்போது கையிலிருக்க வேண்டியவற்றுள் முதன்மையானது மண்வெட்டி. சக்கரத்தின் முன்னும் அச்சின் கீழும் உள்ள மண்ணை அகற்றிய பிறகே வேறு முயற்சி செய்ய வேண்டும். அடுத்து, ஒரு அடி நீளமும் ஒரு அடி அகலமும் இரண்டு அங்குலக் கனமும் உள்ள பலகை. பத்து சென்டிமீட்டர் சதுரமான அடியுடைய ஜாக்கியை முப்பது சென்டிமீட்டர் சதுரப் பலகையின்மேல் நிறுத்தினால், மண்ணை அழுத்தும் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். பலகையின்றிச் சேற்றில் ஜாக்கி போட்டவர் அனைவரும் அது வண்டியைத் தூக்காமல் தானே புதைவதைக் கண்டிருப்பர். தேரை நிறுத்த முட்டுக்கட்டை போடுவதுபோல், ஜாக்கி ஏற்றுமுன் மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போடுதல் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டியின் கீழ்ப் புகலாகாது.

சக்கரத்தின் கீழே விரிக்கச் சாக்கு, தென்னை மட்டை, சவுக்குக் கழி ஆகியவை போதும். இதற்கென விற்கும் பற்களுள்ள பிளாஸ்டிக் பலகைகள் வசதியானவையே. ஆனால் அவை முதற்செலவில் சேர வேண்டியவையல்ல.

நம் ஊர்களில் அழுந்திய வண்டியை மீட்பது பெரும்பாலும் டிராக்டரே. உயிருக்கு ஆபத்தும் இங்கேதான் உள்ளது. இழுக்கும் சங்கிலியை வண்டியின் பம்பரிலோ வில்பட்டையிலோ ஸ்டீயரிங் கம்பியிலோ மாட்டலாகாது. வண்டி செய்தவர் அமைத்த இழுகொக்கியிலேயே மாட்ட வேண்டும். பின்புறம் அத்தகைய கொக்கி இல்லையேல், சேசிஸில் உறுதியாகப் பூட்டத்தக்க கொக்கியை வண்டி நிறுவனத்தாரின் பணிமனையில் பொருத்திக்கொள்ளுதல், செய்யத்தக்க செலவுகளில் மிகச் சிறந்தது. சுமையோடு மூன்று டன்னாகும் வண்டிக்கு எட்டு அல்லது ஒன்பது டன் வரை அறாத நாடா வேண்டும். அதை மாட்டும் வளையத்தில் அது தாங்கும் பாரம் பொறித்திருக்க வேண்டும்.

டிராக்டரின் பக்கத்தில் சங்கிலியைத் தாழ்ந்த இழுசட்டத்திலேயே கட்ட வேண்டும். அச்சுக்கு மேலே உயரமான இடத்தில் கட்டி இழுத்தால், டிராக்டர் முன்சக்கரம் தூக்கிப் பின்புறமாகக் கவிழும். ஓட்டுநர் தப்ப நேரம் இராது. வெட்டி இழுக்காமல், நாடாவை மெல்ல விறைப்பாக்கி ஒரே சீராக இழுக்க வேண்டும். நாடாவின் நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால், அறுந்தாலும் அது பறந்து வந்து தாக்கும் வேகம் குறையும். நாடாவின் நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் எவரும் நிற்கலாகாது. வேடிக்கை பார்க்கக் கூடும் சிறுவர்களை முதலில் அகற்றுவது, இழுக்கத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

நான்காவது: அடிக்காப்பு

பாதை நடுவே துருத்தி நிற்கும் கல்லும் பனைவேரும் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் இடிக்குமானால், ஒரு நொடியில் எஞ்சினே பாழாகும். ஆதலால் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் கீழே எஃகுத் தகடு பூட்டுவது நான்காவது திருத்தம். எண்ணெய் மாற்றுவதற்கும் சேறு வடிவதற்கும் அதில் வழி இருத்தல் வேண்டும்.

பின்னச்சுப் பெட்டியில் காற்றோட்டத்துக்கென ஒரு சிறு மூச்சுக்குழல் உண்டு. ஓடிச் சூடேறிய அச்சு நீரில் இறங்கியதும் குளிர்ந்து உட்காற்றுச் சுருங்க, அக்குழல் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்ததென்று அறியலாம். அக்குழலை இரப்பர்க் குழாயால் நீட்டி உயர்ந்த இடத்தில் கட்டி வைப்பது சிறு செலவு. அது காப்பாற்றுவது பெருஞ்செலவு.

சேற்றுத் தடுப்பு இரப்பரையும் இங்கே குறிப்பிட வேண்டும். பிள்ளையார்பாளையம் முதலிய நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பட்டுப் பாவை நீட்டி வேலை செய்வது வழக்கம். வயலிலிருந்து அப்படியே நகருக்குள் வரும் வண்டி, தடுப்பில்லாத சக்கரத்தால் வாரியிறைக்கும் சேறு, ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடும். தார்ச்சாலை ஏறியதும் நிறுத்தி டயரின் சேற்றைத் தட்டிவிடுவதும், நான்கு சக்கரங்களுக்கும் தடுப்பு வைப்பதும் அண்டையாருக்குச் செய்யும் கடமையாகும்.

தள்ளத்தக்கவை

வண்டியை உயர்த்துதல்: வில்பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்து வண்டியை உயர்த்துவதையே பலர் முதலில் விரும்புகின்றனர். ஆனால் அதனால் உயர்வது உடல் மட்டுமே. தரையில் இடிக்கும் பின்னச்சுப் பெட்டி முன்பிருந்த உயரத்திலேயே இருக்கும். உயர்ந்த வண்டியின்மேல் வைக்கோலோ நெல்லோ ஏறும்போது பாரத்தின் மையம் மேலே சென்று, சாய்ந்த ஏரிக்கரையில் கவிழும் அபாயம் மிகும்.

பட்டை கூட்டுதல்: கூடுதல் வில்பட்டை சேர்த்தால் வண்டி கூடுதல் பாரம் தாங்கும் என்பது மயக்கம். பட்டை வளையாது நிற்கும். அச்சும் பிரேக்கும் டயரும் முன்போலவே இருக்கும். மயிற்பீலியாயினும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்பதைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிவர். 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதித்துள்ளது.

முன் இரும்புக் கம்பி: பம்பருக்கு முன்னே பூட்டும் தடித்த கம்பிகள் மோதலின் அதிர்ச்சியை நேரே சேசிஸுக்குக் கடத்துவதோடு, பாதசாரிகளுக்கும் பெருங்கேடு விளைப்பவை. இவற்றின்மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

பொதுவாக, உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாதென 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு மாறான திருத்தம் உள்ள வண்டி விபத்துக்குள்ளானால் இன்சூரன்ஸ் தொகை பெறுவதிலும் வழக்கு முளைக்கும். ஐயமுள்ள எந்தத் திருத்தத்துக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

மின்சார இழுவை உருளை: வண்டியின் முன்னே பூட்டும் இவ்வியந்திரம் விலையுயர்ந்தது, எடை மிக்கது. இதன் கம்பியைக் கட்ட எதிரே மரம் வேண்டும். வயல்வெளியில் அத்தகைய மரம் தக்க இடத்தில் வாய்ப்பது அரிது. டிராக்டர் இல்லாத ஊர் இப்பக்கத்தில் இல்லையாகையால், இப்பணத்தை நல்ல டயரில் இடுவதே முறை.

நீரோடும் தரைப்பாலம்

எந்தத் திருத்தமும் பயன்படாத இடம் ஒன்றுண்டு. அது வெள்ளம் வழிந்தோடும் தரைப்பாலம். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது வாலாஜாபாத் அருகே அவளூர்த் தரைப்பாலம் உடைந்ததை இப்பகுதியார் மறந்திருக்கமாட்டார்கள். ஓடும் நீர் ஓரடி ஆழமிருந்தாலே சிறு கார் மிதக்கத் தொடங்கும். ஈரடி ஓட்டம் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். எஞ்சினின் காற்றுக்குழாயைக் கூரை வரை உயர்த்தியவர், அது எஞ்சினை மட்டுமே காக்கும், வண்டியை நிலத்தில் ஊன்றி வைக்காது என்பதை உணர வேண்டும். நீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா என்பதும் மேலிருந்து தெரியாது. அங்கே செய்யத்தக்கது வண்டியைத் திருப்புவது ஒன்றே.

வண்டியா, பாதையா?

இனி, கிராம அதிகாரிகளும் ஊராட்சி மன்றத்தாரும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. ஆண்டுதோறும் ஒரே பள்ளத்தில் பத்து வண்டிகள் அழுந்துமானால், குறை வண்டிகளில் இல்லை, பாதையில் உள்ளது. கிராமக் கணக்கிலும் புலப்படத்திலும் வண்டிப்பாதையென்று காட்டப்பட்ட புறம்போக்கு, இருபுறமும் வரப்பு நகர்ந்து வந்து ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கியிருப்பது பல ஊர்களில் காணும் காட்சி. அதனை அளந்து மீட்பதும், நடுவை உயர்த்தி ஓரத்தில் நீர் வடியக் கால் வெட்டுவதும், பள்ளத்தில் கல்லும் சரளையும் இட்டு நிரப்புவதும், பாசனக் கால் குறுக்கிடும் இடத்தில் சிமெண்டுக் குழாய் பதிப்பதும் அவசரமானவை. பத்து வண்டிக்காரர்கள் தத்தம் வண்டியை உயர்த்தச் செலவிடும் தொகையின் ஒரு பகுதியைக் கொண்டே அப்பள்ளத்தைத் தூர்த்துவிடலாம்.

மழைக்காலத்தில் பார வண்டிகள் ஏரிக்கரையின்மேல் செல்வதையும் தடுக்க வேண்டும். ஈரக்கரையில் சக்கரம் பதித்த தடத்தில் நீர் தேங்கிக் கரையை இளக்கும். கரை உடைந்தால் சேதம் ஒரு வண்டியோடு நில்லாது. குடியானவரும் தம் வண்டியை ஈர வயலுக்குள் இறக்கலாகாது. பாரம் அழுத்தி இறுகிய மண்ணில் அடுத்த போகத்தின் வேர் இறங்காது. சாக்குகளைக் களமேட்டுக்குச் சுமந்து வந்து ஏற்றும் கூலி, மண்ணைக் கெடுத்து ஈடு செய்யும் செலவினும் குறைவே.

முடிவு

ஆகவே, புதிதாகப் பிக்கப் வண்டி வாங்கியவர் கைக்கொள்ள வேண்டிய வரிசை இது: முதலில், குறித்த அளவும் தக்க பாரக் குறியும் உள்ள பொது டயர்; இரண்டாவது, காற்றழுத்தமானியும் பம்பும்; மூன்றாவது, மண்வெட்டி, பலகை, முட்டுக்கட்டை, உறுதியான கொக்கி, நாடா; நான்காவது, அடித்தகடும் மூச்சுக்குழல் நீட்டலும் சேற்றுத் தடுப்பும். இவை நான்கும் நிறைவேறிய பின்னும் வண்டி ஓரிடத்தில் நிற்குமானால், அடுத்த செலவு வண்டிக்கன்று, பாதைக்கு.

ஐப்பசி அடைமழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே டயரின் வரிப்பள்ளத்தையும் ஸ்டெப்னியின் காற்றையும் இழுகொக்கியின் மரையையும் ஒருமுறை பார்த்து வைத்தல் நலம். மழை வந்த பின்னர் கடைக்கு ஓடுவதற்கும் அதே பர்லாங்கைத்தான் கடந்தாக வேண்டும்.